பச்சை பட்டனுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பம்ப் பத்திப் பேசப் போறேன்.

ஸ்கிப் பண்ணிடாதீங்க. நீங்க இதை எங்க உட்கார்ந்து கேட்டாலும் பக்கத்துல ஒரு பம்ப் ஓடிக்கிட்டு இருக்கு. அபார்ட்மென்ட்ல சம்ப்ல இருந்து மேல் டேங்குக்குத் தண்ணி ஏத்துறது பம்ப். ஆபீஸ் ஏசிக்குக் குளிர்ந்த தண்ணியைச் சுத்த விடுறது பம்ப். சென்னைக்காரங்களுக்கு வர்ற வீராணம் தண்ணி 200 கிலோமீட்டருக்கு மேல குழாயில பயணம் பண்ணி வருது. வழியில யாரோ ஒருத்தர் ராத்திரி ஷிப்ட் பார்த்து பம்ப்பை ஓட்டிக்கிட்டு இருக்கார். நெம்மேலியில கடல் தண்ணியை உப்பு பிரிக்க சவ்வு வழியா அமுக்கித் தள்ளுறதும் பம்ப்தான்.

நான் பல வருஷம் ஆலைகள்ல மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன். இன்னைக்குச் சொல்லப் போறது என் முதல் வருஷத்துல நடந்தது. ஒரு கெமிக்கல் ஆலை. பேர் வேணாம்.

ராத்திரி ஷிப்ட். கூலிங் வாட்டர் பம்ப் ரெண்டு, A, B-ன்னு வச்சுக்குவோம். ஒண்ணு ஓடும், இன்னொண்ணு ஸ்டாண்ட்பை. அன்னைக்கு A ஓடிக்கிட்டு இருந்தது. ரெண்டரை மணி இருக்கும், A-ல இருந்து ஒரு சத்தம். உள்ள யாரோ ஜல்லியை அள்ளிக் கொட்டின மாதிரி. பிரஷர் கேஜ் முள் நடுங்குது, இறங்குது. கன்ட்ரோல் ரூம்ல இருந்து போன்: "B-யை எடுத்துவிடு, சீக்கிரம்." அந்தத் தண்ணி நின்னா உள்ள ஒரு ரியாக்டர் சூடாகும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஓடினேன்.

பம்ப் பக்கத்துலயே ஒரு சின்ன பெட்டியில ரெண்டு பட்டன் இருக்கும், பச்சையும் சிவப்பும். பச்சை மேல விரலை வச்சுட்டேன். அமுக்கலை. அமுக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம்: "யார்ரா அது!"

பம்ப்புக்கு அந்தப் பக்கம், நான் நின்ன இடத்துல இருந்து பார்த்தா மோட்டார் மறைக்கிற இடத்துல, எங்க ஃபிட்டர் அண்ணன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டாரையும் பம்ப்பையும் சேர்க்கிற கப்ளிங்குக்குள்ள அவர் கை இருந்தது. மேல போடுற கார்டைக் கழட்டித் தரையில வச்சிருந்தார். அந்தக் கப்ளிங் நிமிஷத்துக்கு 1450 சுத்து. செகண்டுக்கு 24 தடவை.

அவர் எழுந்தார். கையை வேஸ்ட் துணியில துடைச்சார். நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, இந்த பம்ப்புகிட்ட கடைசியா யார் வந்தாங்க, என்ன பண்ணிட்டுப் போனாங்கன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் தெரியும்.

அந்த ராத்திரி என்ன ஆச்சுங்கறதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, இதே கேள்விக்கு விடை தெரியாம ஒரு பம்ப்பை எடுத்தபோது என்ன ஆச்சுன்னு சொல்லணும். அது நம்ம ஊர் இல்ல. வட கடல், ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர். பைப்பர் ஆல்ஃபாங்கற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6.

ரெண்டு தாள்

அந்த மேடையில வாயுவில இருந்து பிரியற ஒரு லேசான திரவ எரிபொருளைக் குழாய்க்குள்ள அனுப்ப ரெண்டு பம்ப். அங்கயும் A, B-தான். நான் வசதிக்காக வச்ச பேர் இல்ல, நிஜமாவே அதுதான் பேர்.

அன்னைக்குப் பகல்ல A நிறுத்தி வச்சிருந்தாங்க. அதுக்கு ரெண்டு வேலை குறிச்சிருந்தது. ஒண்ணு, பம்ப்போட வழக்கமான பராமரிப்பு. அது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இன்னொண்ணு, அந்த பம்ப்போட பாதுகாப்பு வால்வு. அழுத்தம் எல்லை மீறினா தானா திறந்து விடுற வால்வு. அதைச் சோதனைக்காகக் கழட்டி எடுத்துட்டாங்க. கழட்டின இடத்துல குழாய் வாயை ஒரு தகடு வச்சு மூடினாங்க. ஆனா கசியாத அளவுக்கு இறுக்கலை, ஏன்னா அந்த பம்ப் ஓடப் போறதில்லையே. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வால்வைத் திரும்ப மாட்ட முடியலை. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வேலையை நிறுத்தினாங்க.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. பர்மிட்டுன்னு சொல்லுவோம். இந்த இடத்துல, இந்த வேலை, இன்னார் பண்றார், முடியற வரைக்கும் இதைத் தொடாதேன்னு எழுதின தாள். A-க்கு ரெண்டு தாள் இருந்தது.

ராத்திரி 9.45 வாக்குல B நின்னு போச்சு. திரும்ப எடுக்கப் பார்த்தாங்க, வரலை. ரெண்டும் நின்னா உற்பத்தியே நிக்கும். ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்குத் தெரிஞ்சது பராமரிப்புத் தாள் மட்டும். அதுல வேலை ஆரம்பிக்கலைன்னு இருக்கு. அப்படின்னா A முழுசா இருக்கு, எடுக்கலாம். வால்வு கழட்டின விஷயம் அவங்களுக்கு வந்து சேரலை. ஷிப்ட் மாறும்போது வாய்வழியாவும் யாரும் சொல்லலை. அந்தத் தகடு இருந்தது பம்ப் பக்கத்துல நின்னு பார்த்தா கண்ணுல படற இடமும் இல்ல.

A-வை எடுக்க முயற்சி பண்ணினாங்க. எரிபொருள் அந்தத் தகடு வழியா வெளிய வந்தது. பத்து மணிக்கு முதல் வெடிப்பு. 167 பேர் இறந்தாங்க, அதுல ரெண்டு பேர் காப்பாத்த வந்த படகுக்காரங்க. மேடையில இருந்தவங்கள்ல உயிரோட திரும்பினது 61 பேர்.

அத்தனை பேர் இறந்ததுக்கு இந்தப் பம்ப் மட்டும் காரணம் இல்ல. பக்கத்து மேடைகள் எண்ணெயும் வாயுவும் தள்ளுறதை உடனே நிறுத்தலை, தீத்தடுப்புச் சுவர்கள் வெடிப்பைத் தாங்குற மாதிரி கட்டினவை இல்லை, இன்னும் நிறைய. விசாரணை நடத்தின கல்லன் பிரபு 1990-ல குடுத்த அறிக்கையில 106 பரிந்துரைகள். ஆனா ஆரம்பம் இதுதான். திறமையான ஆட்கள், கண்ணு முன்னாடி ஒரு பம்ப், அதுகிட்ட கடைசியா யார் என்ன பண்ணினாங்கன்னு பாதிதான் தெரியும்.

இன்னைக்கு எந்தப் பெரிய ஆலைக்குப் போனாலும் பர்மிட், பூட்டு, டேக், ஷிப்ட் மாத்தும்போது கையெழுத்துன்னு உயிரை எடுப்பாங்க. புதுசா சேர்ற பசங்க 'என்ன சார், ஒரு போல்ட் கழட்ட மூணு கையெழுத்தா'ன்னு கேப்பாங்க. நானும் கேட்டிருக்கேன்.

மறுபடியும் B

சரி, நம்ம ஃபிட்டர் அண்ணன்கிட்ட வருவோம்.

நடந்தது என்னன்னா, B-யோட மோட்டார் காயில் எரிஞ்சு, ரீவைண்டிங் போய் அன்னைக்குச் சாயங்காலம்தான் திரும்பி வந்திருக்கு. மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்க எலக்ட்ரீஷியன் சப்ளை குடுத்தார். மூணு ஃபேஸ் மோட்டார்ல எந்த ரெண்டு ஒயரை மாத்தி மாட்டினாலும் திசை மாறிடும், அதனால பம்ப்போட இணைக்கறதுக்கு முன்னாடியே ஒரு தட்டு தட்டிப் பார்த்துடணும். பார்த்தாங்க, திசை சரி. எலக்ட்ரீஷியன் கிளம்பிட்டார். சப்ளை அப்படியே இருந்துடுச்சு. அண்ணன் ஓவர்டைம்ல கப்ளிங் மாட்ட உட்கார்ந்தார்.

"தப்பு என் பேர்லயும் இருக்கு தம்பி. பூட்டுப் போடாம உட்கார்ந்தது நான்"னு அவரே சொன்னார். முப்பது வருஷ சர்வீஸ் ஆளு. அதை ஒரு ட்ரெய்னிகிட்ட ஒத்துக்கணும்னு அவருக்கு அவசியமே இல்ல.

பூட்டுன்னா நிஜமான பூட்டு. ஸ்டார்ட்டர் பேனல்ல பிரேக்கரை ஆஃப் பண்ணி, அதுல உங்க சொந்தப் பூட்டை மாட்டி, சாவியை உங்க பாக்கெட்டுல வச்சுக்கணும். மூணு பேர் வேலை பார்த்தா மூணு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழட்டுற வரைக்கும் அந்த பம்ப் ஓடாது. பூட்டினதும் போய் பச்சை பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும். ஏன்னா பக்கத்து பம்ப்போட பிரேக்கரைப் பூட்டிட்டு வந்தவங்களும் உண்டு.

இன்னொரு பக்கம் கன்ட்ரோல் ரூம் போன்ல கத்துறாங்க. அண்ணன் ரிசீவரை என்கிட்ட இருந்து வாங்கி, "பத்து நிமிஷம் சார். அதுவரைக்கும் லோடைக் குறைச்சுக்குங்க"ன்னு சொல்லி வச்சுட்டார். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குக் கிடைச்ச மொத்த ட்ரெய்னிங். என்னை ஓடவிட்டு பிரேக்கர்ல என் பூட்டையும் அவர் பூட்டையும் போட வச்சார். கப்ளிங்கை முடிச்சார். அப்புறம் ஒவ்வொண்ணா.

முதல்ல ஷாஃப்டைக் கையால சுத்தச் சொன்னார். ஒரு முழுச் சுத்து, சீரா, எங்கயும் பிடிக்காம வரணும். கையால சுத்த முடியாததை மோட்டார் சுத்திடும், ஆனா எதையாவது உடைச்சுட்டுத்தான் சுத்தும். அடுத்தது பேரிங் ஆயில். கண்ணாடி வட்டத்துல பாதி வரைக்கும் தெரியணும். கிரீஸ் போடுற பேரிங்கா இருந்தா நம்ம ஆட்கள் பாசத்துல அடைச்சு வச்சிடுவாங்க. நிறைய கிரீஸ் போட்டாலும் பேரிங் சூடாகும். அப்புறம் கார்ட். எல்லா போல்ட்டும் போட்டாத்தான் கார்ட், ரெண்டு போல்ட்ல தொங்குறது அலங்காரம்.

பிறகு தண்ணிப் பக்கம். சக்‌ஷன் வால்வை, அதாவது பம்ப்புக்குள்ள தண்ணி வர்ற வழியை, முழுசாத் திறக்கணும். பாதி இல்ல, முழுசு. பம்ப் மேல ஒரு சின்ன ஏர் வென்ட் இருக்கும். அதைத் திறந்தா முதல்ல காத்து சீறும், அப்புறம் காத்தும் தண்ணியும் கலந்து துப்பும், அப்புறம் தண்ணி மட்டும் ஒழுங்கா வரும். அது வரைக்கும் காத்திருக்கணும்.

இங்க கொஞ்சம் நிக்கிறேன். ஏன்னா பம்ப் கெட்டுப் போறதுல பாதி கதை இந்த வென்ட்ல இருக்கு. ஷாஃப்ட் பம்ப்புக்குள்ள நுழையற இடத்துல தண்ணி வெளிய வராம இருக்க ஒரு சீல் இருக்கும். ரெண்டு வழவழப்பான வளையம், ஒண்ணு நிக்கும், ஒண்ணு சுத்தும், பெரும்பாலும் ஒரு பக்கம் கார்பன். ரெண்டுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா தண்ணிப் படலம். அந்தப் படலம்தான் அதுக்கு எண்ணெய். உள்ள காத்து இருந்தா படலம் இல்ல. கொஞ்ச நேரத்துலயே அந்த வளையங்கள் சூடாகி விரிசல் விடும். புது சீல் போட்டு ஒரே நாள்ல ஒழுகுதுன்னா, சீல் கம்பெனியைத் திட்டறதுக்கு முன்னாடி வென்ட்டைத் திறந்தியான்னு கேளுங்க.

பழைய பம்ப்புகள்ல சீலுக்குப் பதிலா கயிறு மாதிரி கிளாண்ட் பேக்கிங் சுத்தியிருக்கும். அதுல சொட்டுச் சொட்டாத் தண்ணி விழும். அது பழுது இல்ல, அப்படித்தான் இருக்கணும். தரை ஈரமாகுதுன்னு ஸ்பேனரை எடுத்து இறுக்கி அந்தச் சொட்டை நிறுத்துவாங்க பாருங்க, ஒரு வாரத்துல ஷாஃப்ட் ஸ்லீவ்ல பள்ளம் விழுந்திருக்கும்.

இப்போ டிஸ்சார்ஜ் வால்வு, தண்ணி வெளிய போற வழி. அதை மூடி வைக்கச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். மூடி வச்சுட்டு ஓட்டினா மோட்டாருக்கு பாரம் ஏறாதா? இல்ல. நாம சாதாரணமாப் பார்க்கிற சென்ட்ரிஃபியூகல் பம்ப்புல தண்ணி நகராதபோதுதான் மோட்டார் எடுக்கிற பவர் குறைச்சல். நேரா லைன்ல போட்டு எடுக்கிற மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதே வழக்கமான கரன்ட்டை விட ஆறு மடங்கு வரைக்கும் இழுக்கும். அந்த நேரத்துல காலிக் குழாயை ரொப்பற வேலையையும் தலையில கட்டக் கூடாது. மூடி வச்சு எடுத்து, பிரஷர் ஏறினதும் மெதுவாத் திறக்கணும். சடக்குன்னு திறந்தா குழாய்ல தண்ணி ஓடிப்போய் முட்டும். பைப் சப்போர்ட் எல்லாம் ஆடும்.

கவனிங்க, இது எல்லா பம்ப்புக்கும் பொருந்தாது. கியர் பம்ப், பிஸ்டன் பம்ப் மாதிரி ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவுன்னு அளந்து தள்ளுற ஜாதி இருக்கு. அதை டிஸ்சார்ஜ் மூடி எடுத்தா, போக வழியில்லாத திரவத்தை அது தள்ளிக்கிட்டே இருக்கும். அழுத்தம் ஏறும், ரிலீஃப் வால்வு திறக்கணும். திறக்கலைன்னா எது பலவீனமோ அது போகும்: குழாய், கேஸ்கெட், இல்ல பக்கத்துல நிக்கிற ஆளு. அதேபோல வெள்ளத் தண்ணி இறைக்கிற, கப்பல் புரொப்பெல்லர் மாதிரி உள்ள பெரிய ஆக்ஸியல் பம்ப்புக்கும் இது தலைகீழ். அதைத் திறந்து வச்சுத்தான் எடுக்கணும். எங்கயோ படிச்ச ஒரே முறையை எல்லாத்துக்கும் போடாதீங்க. முன்னாடி இருக்கிறது எந்த ஜாதின்னு பார்த்துட்டு, மேனுவலைத் திறங்க.

கடைசியா ஒண்ணு பார்க்கச் சொன்னார். "ஷாஃப்ட் நிக்குதா, பின்னால சுத்துதான்னு பாரு." ஸ்டாண்ட்பை பம்ப் தானே, ஏன் சுத்தணும்? A ஓடுதே. B-யோட டிஸ்சார்ஜ் வால்வு சரியா மூடாம, தண்ணி திரும்பாம தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வும் பழுதா இருந்தா, A தள்ளுற தண்ணி B வழியா பின்னால வந்து அதைத் தலைகீழாச் சுத்தும். அப்படிச் சுத்தறதை முன்பக்கமா ஸ்டார்ட் பண்ணினா ஷாஃப்ட் முறுக்கி உடைய வாய்ப்பு இருக்கு.

நின்னுக்கிட்டு இருந்தது. பூட்டு ரெண்டையும் கழட்டினோம். பிரேக்கர் ஆன். ரெண்டு பேரும் சுத்தி வந்து யாரும் இல்லைன்னு பார்த்தோம். "இப்போ அமுக்கு"ன்னார்.

ஓட ஆரம்பிச்ச பிறகு

கேஜ் முள் ஏறுச்சு. அம்மீட்டர் ஒரு துள்ளு துள்ளி இறங்கி நின்னுச்சு. டிஸ்சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்தேன். முள் ஏறலைன்னா உடனே நிறுத்தணும், 'கொஞ்சம் பார்ப்போம்' கிடையாது. உள்ள காத்து மாட்டியிருக்கு, இல்ல தண்ணியே வரலைன்னு அர்த்தம்.

டிஸ்சார்ஜை மூடி வச்சு எடுக்கலாம்னு சொன்னேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷத்துக்கு மேல போகவிடாதீங்க. ஏன்னு ஒரு கணக்குப் போடுவோம். வீட்ல எலக்ட்ரிக் கெட்டில் இருக்கில்ல? ஒன்றரை லிட்டர், ஒன்றரை கிலோவாட். லிட்டருக்கு ஒரு கிலோவாட். அஞ்சு நிமிஷத்துல கொதிக்கும். இப்போ ஒரு பம்ப். உள்ள 10 லிட்டர் தண்ணி, வெளிய போக வழி இல்ல, மோட்டார் 10 கிலோவாட் உள்ள தள்ளுது. அந்தச் சக்தி எங்க போகும்? தண்ணியைக் கலக்கிக் கலக்கிச் சூடாத்தான் மாறும். லிட்டருக்கு ஒரு கிலோவாட். அதே கெட்டில். இரும்பும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும், அதனால இன்னும் சில நிமிஷம் கூட ஆகலாம். ஆனா கெட்டிலுக்கு வாய் திறந்திருக்கு.

சக்‌ஷனும் மூடியிருந்தா? அமெரிக்க வேதிப் பொறியாளர் அமைப்போட செயல்முறைப் பாதுகாப்பு மையம் மாசா மாசம் ஒரு பக்க எச்சரிக்கைத் தாள் வெளியிடும். அதுல வந்த ஒரு சம்பவம். 75 குதிரைத்திறன் பம்ப், ரெண்டு வால்வும் மூடியிருக்க, சுமார் 45 நிமிஷம் ஓடியிருக்கு. வெடிச்சது. ரெண்டு கிலோவுக்கு மேல எடையுள்ள ஒரு துண்டை 120 மீட்டர் தள்ளி எடுத்தாங்க. உள்ள இருந்தது எரிபொருளா இருக்கணும்னு அவசியம் இல்ல, வெறும் தண்ணி மாட்டினாலே இந்தக் கதை நடக்கும். மூடின டப்பாவுக்குள்ள நீராவி.

யாராவது ரெண்டு வால்வையும் மூடிட்டு பம்ப்பை ஓட்டுவாங்களான்னு கேப்பீங்க. வேணும்னு ஓட்ட மாட்டாங்க. ஒருத்தர் வேலைக்காக வால்வுகளை மூடுவார், பிரேக்கரை விட்டுடுவார். இன்னொருத்தர் தூரத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஸ்டார்ட் குடுப்பார். இல்ல, ஆட்டோவுல தானா எடுக்கும். மறுபடியும் அண்ணனோட கேள்விதான்.

இந்த ஆட்டோ பத்தி ஒரு வார்த்தை. ஆட்டோவுல இருக்கிற பம்ப் உங்களைக் கேட்காம எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும், அதனால பக்கத்துல கை வைக்கிறவனுக்கு அது ஆபத்து. சரி, மேனுவலுக்கு மாத்திடலாமா? பைப்பர் ஆல்ஃபாவுல தீயணைக்கிற பம்ப்புகளை மேனுவல்ல வச்சிருந்தாங்க. காரணம் நல்ல காரணம்தான். மேடைக்குக் கீழ கடல்ல டைவர்கள் வேலை பார்ப்பாங்க. பம்ப் திடீர்னு எடுத்தா உறிஞ்சுற வாய் பக்கம் அவங்களை இழுத்துடக் கூடாதுன்னு. ஆனா டைவர்கள் அந்த வாய்க்குப் பக்கத்துல இருக்காங்களா இல்லையான்னு பார்க்காம, கடல்ல இறங்கினாலே மேனுவல்னு வழக்கமாயிடுச்சு. அந்த ராத்திரி வெடிப்புக்கு அப்புறம் தீயைத் தாண்டிப் போய் பட்டனை அமுக்க யாராலயும் முடியலை. தீயணைப்புத் தண்ணி வரலை. எனக்கு அந்த அறிக்கையிலயே மனசை விட்டுப் போகாத இடம் இதுதான். ஒருத்தர் உயிரைக் காப்பாத்தப் போட்ட ஸ்விட்ச்.

சரி, நம்ம A-வுக்கு என்ன ஆச்சு? அந்த ஜல்லிச் சத்தம் கேவிடேஷன். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது வெளிக்காத்து அழுத்தத்துல. அழுத்தத்தை நல்லா இறக்கினா 30 டிகிரி தண்ணியும் கொதிக்கும். சக்‌ஷன் பக்கம் அடைப்பு இருந்தா பம்ப் இழுக்கிற இழுப்புல அழுத்தம் அவ்வளவு இறங்கிடும். தண்ணி குமிழி குமிழியாக் கொதிச்சு, அடுத்த கணம் அழுத்தம் கூடுற இடத்துக்குப் போனதும் அந்தக் குமிழிகள் நொறுங்கும். நொறுங்குற ஒவ்வொண்ணும் ஒரு குட்டிச் சுத்தியல். இம்பெல்லரைக் கழட்டிப் பார்த்தா கரையான் அரிச்ச மரம் மாதிரி இருக்கும். அதனாலதான் ஓட்டத்தைக் குறைக்கணும்னா டிஸ்சார்ஜ்ல குறைக்கணும், சக்‌ஷன் வால்வைத் தொடவே கூடாது.

B நிதானமா ஓட ஆரம்பிச்சதும் A-வோட டிஸ்சார்ஜை மெதுவா மூடி, அப்புறம் நிறுத்தி, பிரேக்கர்ல பூட்டைப் போட்டு, சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரைத் திறந்தோம். உள்ள ஒரு பிளாஸ்டிக் உறை, பாசி, கூலிங் டவர்ல இருந்து பிஞ்சு வந்த துண்டுகள். ஒரு கைப்பிடி குப்பை. அதுக்குத்தான் அந்த ஓட்டம்.

அதுக்கப்புறம் B பக்கத்துல ஒரு மணி நேரம் நிக்க வச்சார். பேரிங் மேல புறங்கையை வச்சுப் பார்க்கச் சொன்னார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. இன்னைக்கு அதுக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கு, அதிர்வு அளக்கிற சென்சார் இருக்கு, போன்லயே கிராஃப் வரும். நல்லதுதான், நானும் வச்சிருக்கேன். ஆனா புதுசா ரிப்பேர் பண்ணின பம்ப்பை எடுத்துட்டு உடனே டீ குடிக்கப் போற ஆளை எந்த சென்சாரும் காப்பாத்தாது.

உங்க அபார்ட்மென்ட்லயும் இதெல்லாம் நடக்குது, சின்ன அளவுல. அசோசியேஷன்ல நீங்க இருந்தா, ஒரு தடவை பம்ப் ரூமுக்குப் போய்ப் பாருங்க. கப்ளிங் இருக்கிற மாடலா இருந்தா கார்ட் இருக்கா? சம்ப்ல தண்ணி இல்லைன்னா நிறுத்துற லெவல் ஸ்விட்ச் வேலை செய்யுதா, இல்ல யாரோ ஒயரை நேராச் சேர்த்து வச்சிருக்காங்களா? பிளம்பர் வேலை பார்க்கும்போது மேல் டேங்க் குறைஞ்சு ஆட்டோவுல மோட்டார் எடுத்துடாம இருக்க என்ன பண்றார்? நான் பார்த்த பல இடத்துல விடை, 'வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்.' [சிரிப்பு] வாட்ச்மேன் ஷிப்ட் மாறினா? ஒரு பூட்டும் ஒரு அட்டையும் என்ன விலை ஆகிடும்.

விடியக்காலைல அண்ணன் லாக் புக்கை என்கிட்ட நீட்டினார். ராத்திரி நடந்ததை எழுதச் சொன்னார். நான் 'A பம்ப் சத்தம், B எடுக்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதினேன். படிச்சுட்டு அதை அடிச்சுட்டார். "ஆறு மணிக்கு வர்றவன் இதைப் படிச்சா என்னடா தெரிஞ்சுக்குவான்?" அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

'B மோட்டார் ரீவைண்டிங் ஆகி வந்தது. திசை பார்த்தாச்சு, சரி. கப்ளிங் மாட்டியாச்சு, கார்ட் எல்லா போல்ட்டும் போட்டாச்சு. 2.55-க்கு B எடுத்தது. பேரிங் சூடு இல்லை, இன்னும் கவனிக்கவும். A நிறுத்தியிருக்கு. ஸ்ட்ரெய்னர் கழட்டியிருக்கு, இன்னும் மாட்டலை. சக்‌ஷன், டிஸ்சார்ஜ் ரெண்டும் மூடியிருக்கு. பிரேக்கர்ல என் பூட்டு இருக்கு, சாவி என்கிட்ட. A-வை எடுக்காதே.'

கீழ அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஆறு மணிக்கு வந்தவர் முழுசாப் படிச்சுட்டு, "ஸ்ட்ரெய்னர் எங்க வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். அதையும் எழுதிட்டு வீட்டுக்குப் போனோம்.